அரிய நூல் கண்காட்சியில் பெண் பார்த்த படலம்

பெண் பார்ப்பதற்கு உலகத்தில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. கோயில் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது, ஒன்றும் சரிப்படாவிட்டால் பெண்ணின் வீடே இருக்கிறது. நான் என் குடும்பத்தைப் பெண் பார்க்க அழைத்துப் போன இடம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் கண்காட்சி. இதில் கூடுதல் விசேஷம், தன்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது பெண்ணுக்கே தெரியாது. (“அடப்பாவி” என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லி முடித்தாயிற்று.)

தொண்ணூறுகளின் பின்பாதி. புனேயில் நூலகப் படிப்பை முடித்துவிட்டு, அந்த நூலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். அப்பா கிர்க்கியில் ஃபேக்டரியில் ஃபிட்டர். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு எங்கள் வாயில் வெறும் ‘ஃபேக்டரி’தான், ஊரில் வேறு ஃபேக்டரியே இல்லாததுபோல. வீட்டுக்குள் திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி, பஸ் ஏறினால் மராத்தி. மூன்று மொழியிலும் சரளமாக உளறக்கூடியவன் நான். ஆனால் மேதாவின் முன்னால் மூன்றும் கைவிட்டுவிடும்.

மேதா அந்தக் கண்காட்சிக்காகவே வந்தவள். நைந்துபோன பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது அவள் வேலை. கிழிந்த பக்கத்தின் மேல் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளை வைத்து, பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவாள். ஒரு பழைய புத்தகத்தை அவள் திறப்பதே இல்லை. கையை அடியில் கொடுத்து, அது தானாகத் திறந்துகொள்ளும்வரை பொறுத்திருப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றே நான் பல மாதங்களைக் கழித்தேன். என் காதல் பணி என்று சொல்லிக்கொள்ளக் கூடியது இரண்டுதான். ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன். டீ வாங்கி வருவேன். அறைக்குள் டீ கொண்டுவரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எனவே வெளியே ஆலமரத்தடியில் இரண்டு கிளாஸோடு நிற்பேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். ஆறிய டீயைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு, சேகர்” என்பாள். அந்த டீயின் ருசிக்காக இன்றைக்கும் நான் சில சமயம் டீயை ஆறவிட்டுக் குடிப்பதுண்டு. அந்த ருசி வருவதில்லை.

கண்காட்சி முடிந்ததும் அவள் வேலையும் முடிகிறது. டெல்லியில் ஒரு ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்தப் பக்கம் என் அம்மாவோ, தை பிறந்ததும் போளூருக்குப் போய் எனக்குப் பெண் பார்ப்பதாகத் திட்டம் போட்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வாரம், அதாவது கண்காட்சி நடக்கும் வாரம். அந்த வாரத்துக்குள் மேதாவிடம் சொல்லிவிட வேண்டும். வீரனாக இருந்திருந்தால் மறுநாளே சொல்லியிருப்பேன். நான் என்ன செய்தேன் என்றால், அம்மாவிடம் சொன்னேன்.

“மராட்டிப் பொண்ணா?” என்றாள் அம்மா. வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“ஆமாம்மா. நீ சும்மா வந்து பாரு. உனக்குப் புடிச்சா மேல பேசலாம்.”

“நான் வைக்கிற சாம்பார சாப்புடுவாளா?”

“சாப்பிடுவாம்மா.”

“நீயும் உங்கப்பாவும் சாப்புடறதில்ல. அவளாச்சும் சாப்புடட்டும்.” அம்மாவின் சம்மதம் இப்படித்தான் வரும்.

அம்மா மட்டும் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா தன் அக்காவிடம் சொல்ல, கசார்வாடியிலிருந்து அத்தை கிளம்பி வந்துவிட்டாள். அங்கே மாமா ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையையும் மாமாவையும் அத்தை வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் அவள் தலையசைக்காமல் நடந்ததில்லை.

கண்காட்சியின் மூன்றாம் நாள் மூவரும் வந்தார்கள். அப்பா தீபாவளிச் சட்டை, அம்மா பட்டுப்புடவை, அத்தை அவளிடமிருந்த நகைகள் எல்லாமும். திரை இழுத்த அந்த அரையிருட்டு அறையில் அத்தை ஒருத்தியால் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “வாயத் தொறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது” என்று வாசலிலேயே கெஞ்சியிருந்தேன். “எங்களுக்குத் தெரியாதாடா? பொண்ணு பாக்கறது எங்களுக்குப் புதுசா?” என்றாள் அத்தை.

பழைய மராத்திப் புத்தகங்கள், சிவப்புத் துணியில் சுற்றிய ஏட்டுக் கட்டுகள், பேஷ்வாக்கள் காலத்துக் கடிதங்கள் என்று மேதா ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தாள். மூவரும் தலையாட்டிக்கொண்டே போனார்கள். ஒருவர்கூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினால் இவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் குனிந்தால் ஜடையின் நீளத்தைப் பார்த்தார்கள். ஒரு பெட்டியின் முன்னால் மட்டும் அத்தை நின்றுவிட்டாள். உள்ளே இருந்தது யாரோ ஒரு மராட்டியப் படைத்தலைவரின், அதாவது சர்தாரின், ஜாதகம். சுருளாக, வண்ணப் படங்களோடு, ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கும்.

“யாருதுடா ஜாதகம்?” என்று கிசுகிசுத்தாள்.

“ரொம்பப் பழசு அத்தை. இருநூறு வருஷம் இருக்கும்.”

“கட்டம் கோணலா கீதே?”

“இந்தப் பக்கம் அப்படித்தான் போடுவாங்க.”

அத்தை அம்மாவின் காதைக் கடித்தாள். “இருநூறு வருஷத்து ஜாதகத்தக் கண்ணாடிப் பொட்டில வெச்சுக் காப்பாத்தறாங்கன்னா பெரிய வம்சம்தான். நமக்கெல்லாம் பொண்ணு குடுக்கறாங்களே!” நான் திருத்த வாயெடுத்தேன். மேதா அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறந்துவிட்டேன்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. அம்மா கைப்பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்தாள். மேதாவைத் திரும்பச் சொல்லி, ஜடையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள்.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பிடித்துவிட்டால் பையனைப் பெற்றவள் அவள் தலையில் பூ வைப்பாள். பூ வைத்தாயிற்று என்றால் பேசி முடித்தாயிற்று என்று பொருள். அதற்கப்புறம் பின்வாங்குவது குடும்பத்துக்கு அவமானம். ஆனால் புனேயில் எந்தக் காகுவும் (நம் ஊர் மாமி மாதிரி) எந்தப் பெண்ணுக்கும் ஒரு கஜரா, அதாவது பூச்சரம், கொடுக்கலாம். அது அன்பு, அவ்வளவுதான். அம்மா ஒரு நிச்சயத்தை வைத்தாள். மேதா ஒரு கஜராவை வாங்கிக்கொண்டாள். இரண்டு ஊர் வழக்கமும் தெரிந்த ஒரே ஆள் நான். ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“உங்க அம்மா எவ்வளவு அன்பானவங்க!” என்றாள் மேதா மராத்தியில். அறைக்குள் பூவே வரக் கூடாது, பூச்சி வரும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். அன்று முழுவதும் அந்தப் பூவை அவள் எடுக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாக அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் நாப்தலின் வாடைக்கு நடுவே மல்லிகை மணந்தது. அன்றைக்கு என்னிடம் யாராவது உலகத்தையே எழுதித் தரச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

வீட்டுக்குப் போனால் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேசரி வாடை. அம்மா எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டிருந்தாள். “அந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாதும்மா” என்றேன். “பூவ வாங்கிக்கினாளே, அப்பறம் இன்னா தெரியணும்? நல்ல பொண்ணு, வெக்கப்படுது” என்றாள். சரி, நாளைக்கு மேதாவிடம் சொல்லிவிடலாம் என்று படுத்தேன். மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். அதற்கு மறுநாள் அவளுக்குத் தலைவலி. (அவளுக்குத் தலைவலி இல்லை. கொஞ்சம் சோர்வாக இருந்தாள். எனக்குச் சாக்கு வேண்டியிருந்தது.) இதற்குள் அத்தை ஃபோன் மேல் ஃபோன். பெண் வீடு எங்கே, அப்பா என்ன செய்கிறார், எப்போது வரலாம் என்று துளைத்தாள். தப்பித்தால் போதும் என்று, “அவங்கப்பா கடைசி நாள் கண்காட்சிக்கு வர்றாரு அத்தை, பாத்துக்கலாம்” என்று சொல்லி வைத்தேன். அந்த வாக்கியத்தை அத்தை எப்படிக் கேட்பாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசி நாள் மாலை கண்காட்சி அறையிலேயே நிறைவு விழா. தலைமை விருந்தினர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். எண்பதை நெருங்கியவர், வெள்ளை மீசை. புனேயில் எந்த விழாவானாலும் விருந்தினருக்குச் சால்வை போர்த்தித் தேங்காய் கொடுப்பது வழக்கம். அது இல்லாவிட்டால் வந்தவர் பேசவே மாட்டார். சால்வையும் தேங்காயும் வாங்கி வரும் பொறுப்பை எங்கள் நூலகர் ஜோஷி சார் என்னிடம் ஒப்படைத்திருந்தார். நான் காலையிலிருந்து ஒரு மூலையில் நின்று, மேதாவிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சால்வை சுத்தமாக மறந்துபோயிற்று.

விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் மேதாவின் அப்பா, அம்மா. ஜோஷி சார் வியர்த்துக்கொண்டே என்னிடம் வந்து, “சால் குடே?” என்று பல்லைக் கடித்தார். சால்வை எங்கே என்று கேட்கிறார். நான் வாசலைப் பார்த்தேன், ஏதாவது அற்புதம் நடக்காதா என்று. நடந்தது.

வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து அத்தை இறங்கினாள். பின்னால் அம்மா, அப்பா, மாமா, பட்டறை ஆட்கள், குவார்ட்டர்ஸில் கேசரி தின்ற பாதிப் பேர். கைகளில் தட்டுகள். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய், லட்டு, நடுவில் பச்சை நிறத்தில் சிவப்புக் கரை போட்ட பட்டுப்புடவை. தண்ணீர் பாட்டில்கூட உள்ளே விடாத வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான். அத்தை நிமிர்ந்து, “ஹம் லட்கே வாலே ஹை!” என்றாள். மாப்பிள்ளை வீட்டார் என்று சொன்னால் இந்த நாட்டில் எவன் தடுப்பான்? வாட்ச்மேன் கும்பிட்டு வழிவிட்டான்.

ஜோஷி சார் திரும்பிப் பார்த்தார். தட்டு, தேங்காய், பட்டு. அவர் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “சேகர், நீ ரத்தினமப்பா! உங்க தமிழ்ச் சமூகத்தையே கூட்டிட்டு வந்துட்டியா!” என்று என் முதுகில் தட்டிவிட்டு, “யா, யா!” (வாங்க, வாங்க!) என்று ஓடிப் போய் வரவேற்றார். அத்தைக்கு ஒரே பெருமை. பெண் வீட்டார் வாசலுக்கே வந்து அழைக்கிறார்களே! தட்டைச் சந்தோஷமாக அவர் கையில் கொடுத்தாள். அவர் நேராக மேடைக்குப் போனார். புடவையை உதறிப் பிரித்தார். விருந்தினரின் தோளில் போர்த்தினார். தேங்காயை அவர் கையில் வைத்தார். அரங்கம் கைதட்டியது. அப்பாவும் தட்டினார், எல்லோரும் தட்டுகிறார்களே என்று.

அத்தை போட்ட சத்தத்தில் ஏட்டுக்கட்டுகள் நடுங்கியிருக்கும். “ஐயோ, அது பொண்ணுக்குடா! வோ லட்கி கா ஹை! லட்கி கா!”

கைதட்டல் நின்றது. விருந்தினர், புடவைத் தலைப்பு மடியில் புரள, “எந்தப் பெண்ணுக்கு?” என்று அமைதியாகக் கேட்டார். வரலாற்று ஆசிரியர் அல்லவா, ஆதாரம் வேண்டும். அத்தை விரலை நீட்டினாள். அறையில் இருந்த அத்தனை தலையும் அந்த விரலின் வழியே திரும்பியது. ஓரத்தில், வெள்ளைக் கையுறையோடு, ஒரு புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தாள் மேதா.

அவள் முதலில் அத்தையைப் பார்த்தாள், பிறகு தட்டுகளை, பிறகு தன் அப்பாவை. கடைசியில் என்னை. ஒரு நொடியில் பூ, சிரிப்பு, ஆறிய டீ எல்லாவற்றையும் அவள் கூட்டிப் பார்த்துவிட்டது எனக்குத் தெரிந்தது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தேன். தரையைப் பார்த்தேன்.

மேதா மூடிய புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தாள். கையுறையைக் கழற்றாமலே மேடைக்கு நடந்து போனாள். பழைய பக்கத்தைத் தூக்குகிற அதே கையால் அந்தப் புடவையைப் பெரியவரின் தோளிலிருந்து மெதுவாக எடுத்தாள். மடிப்பு கலையாமல் மடித்துத் தட்டில் வைத்து, அம்மாவின் கையில் கொடுத்தாள். “புடவை ரொம்ப அழகா இருக்கு, காகு” என்றாள். “ஆனா இதுவரைக்கும் என்னை யாரும் எதுவும் கேக்கலையே.”

அம்மாவின் மராத்தி காய்கறிக் கடைக்கு மட்டும் போதுமான மராத்தி. ஆனாலும் அது புரிந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். (டெம்போவில் அம்மா அழுததாக அப்பா பின்னால் சொன்னார். அது மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கதையாகச் சொல்வதில்லை.) தேங்காயை விருந்தினர் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் மேதா தன் லூனா மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பெற்றோர் முன்னால் போய்விட்டிருந்தார்கள். மழை வரும் போல் இருந்தது. நான் அருகில் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அம்மாகிட்ட கேட்ட, அத்தைகிட்ட கேட்ட, அந்த டெம்போக்காரன்கிட்டகூடக் கேட்டிருப்ப” என்றாள். “முதல்ல என்னைக் கேட்டிருக்கணும், சேகர்.”

சொல்லிவிட்டு அவள் கிளம்பவில்லை. நின்றாள். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நல்ல நேரம் நின்றாள். வண்டியை மிதிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு, காலை முழுவதும் மனப்பாடம் செய்த அத்தனை வாக்கியமும் தொண்டைவரை வந்து நிற்க, நான் சொன்னது இதுதான்: “பெட்டிச் சாவியெல்லாம் ஜோஷி சார்கிட்டக் கொடுத்துட்டியா?”

“கொடுத்துட்டேன்” என்றாள். லூனாவை மிதித்தாள். ஆலமரத்தைத் தாண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுவாரம் டெல்லிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு பல வருடங்கள் அந்த அறையில் நான் திரை இழுத்திருக்கிறேன். அவள் இருந்தபோது அந்த இருட்டு அப்படி இருந்ததில்லை.

தை மாதம் போளூர். உமாவைப் பார்க்கப் போனோம். அம்மா பூவை எடுத்ததும் நான் எழுந்து நின்று, “இருங்க, மொதல்ல பொண்ண கேக்கணும்” என்றேன். “உனக்குச் சம்மதமா?” என்றேன். “சம்மதம்” என்றாள். நிஜமாகவா என்றேன். ஆமாம் என்றாள். யோசித்துச் சொல் என்றேன். பையனுக்குக் காது கேட்காது என்று அவள் சித்தப்பா முடிவுகட்டிவிட்டார். புடவையும் வீணாகவில்லை. “எல்லாப் பொண்ணுக்கும் நிச்சயத்துக்குப் புதுப் புடவை எடுப்பாங்க. எனக்கு ஒரு தாத்தா தோள்ல போட்டுப் பாத்த புடவையத்தான் கட்டுனாங்க” என்று உமா ஊர் முழுக்கச் சொல்வாள். இந்தக் கதையை என்னைவிட அவள் நன்றாகச் சொல்வாள். அத்தையின் அலறலை அவள் செய்து காட்டினால் அத்தையே விழுந்து விழுந்து சிரிப்பாள். நாங்கள் புனேயை ஒட்டிய வாகடில் ஃப்ளாட் வாங்கியபோதுகூட, “பில்டருக்குத் தோள்ல போத்தியாச்சா?” என்றுதான் மாமா கேட்டார்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, கசார்வாடியில் ஒரு நிச்சயதார்த்தம். உமா வழக்கம்போல் கதையைச் சொல்லிக் கூட்டத்தைக் கலகலக்க வைத்தாள். திரும்பி வரும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாகட் சிக்னலில் நின்றோம்.

“கேட்டிருந்தா அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருக்கும்?” என்றாள்.

“தெரியாது.”

“தெரிஞ்சுக்கணும்னு இப்பவும் இருக்கா?”

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. சிக்னல் நீளமானது, யோசிக்கவும் நேரம் இருந்தது.

“இருக்கு” என்றேன்.

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். உமா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும்தான்” என்றாள். “போங்க, வண்டிய எடுங்க.”